முதலில் என்ன செய்ய வேண்டும்?

1

போன வாரம் அலுவலகத்தில் என் மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் சட்டம் போட்ட காகிதம் ஒன்றை மாட்டினேன். திட்ட மேலாண்மைத் தேர்வில் நான் தேறிவிட்டதாக அதில் எழுதியிருக்கிறது. பக்கத்து மேசை அயர்லாந்துக்காரர் எழுந்து வந்து பார்த்தார். அவரும் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"எந்த மையத்தில் பயிற்சி எடுத்தாய்?" என்று கேட்டார்.

"திருச்செங்கோட்டில் ஒருவரிடம்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொள்ளப் பார்த்தார். மூன்று முறை சொல்லியும் எழுத்து கூடவில்லை. "இணையதளம் இருக்கிறதா?" என்றார். இல்லை, ஒரு போன் நம்பர்தான் இருக்கிறது, அதுவும் பாதி நேரம் பிஸியாக இருக்கும் என்றேன். அவருக்கு விளக்கிச் சொல்ல முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பதினோரு வருடமாக ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரில் இருக்கிறேன். குடிநீர்க் குழாய் பதிக்கும் நிறுவனத்தில், எந்த வேலை எந்த வாரம் முடிய வேண்டும் என்று அட்டவணை போடுவது என் பிழைப்பு. சென்ற ஆண்டு எங்கள் திட்டம் முடியும் கட்டத்துக்கு வந்தது. அடுத்த திட்டத்தில் மேலாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். கிடைக்காவிட்டால் எனக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, விமானம் ஏறிப் போக வேண்டிய வடக்குச் சுரங்கப் பகுதியில். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். என் கணவருக்கு மருத்துவமனையில் ஷிப்டு வேலை. மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. ஏற்கனவே அவள் அறைக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். மாதத்தில் மூன்று வாரம் நான் இல்லாமல் போனால், அந்தக் கதவு திறக்கும்போது எனக்குத் தெரிந்த பெண் உள்ளே இருப்பாளா என்று பயமாக இருந்தது.

2

தேர்வு எழுதுவதற்கு முன்னால், எழுதத் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இத்தனை மாதம் இன்னின்ன திட்டங்களை முன்னின்று நடத்தினேன் என்று விண்ணப்பத்தில் விவரமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். 'குழாய் பதித்தோம், சோதித்தோம், ஒப்படைத்தோம்' என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. 'நாங்கள் என்றால் யார்? இதில் நீங்கள் செய்தது என்ன?' என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் மல்லசமுத்திரம் பக்கம் தனி ஆளாக நின்று வரப்பு வெட்டினவர்கூட "வெட்டிப் போட்டோமுங்க" என்றுதான் சொல்வார். 'நான்' என்று இருபது இடத்தில் திருத்தி எழுதிய அன்று, மேடையில் ஏறி எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டது போலக் கூச்சமாக இருந்தது.

அடுத்தது பெயர். ஊரில் நான் நா. மலர்விழி. இங்கே கடவுச்சீட்டில் அப்பா பெயர் நாச்சிமுத்து முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. பழக்க தோஷத்தில் விண்ணப்பத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டேன். தேர்வு மையத்தில் அடையாள அட்டையைச் சரிபார்த்த இளைஞர், "இந்த எழுத்து யாருடையது?" என்று கேட்டார்.

"என் அப்பா."

"அவரும் இன்று தேர்வு எழுதுகிறாரா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அன்றைக்கு உள்ளே விடவில்லை. கடிதம் எழுதி, பெயரை விரித்து, மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். எழுதினேன். தோற்றேன்.

3

இந்தத் தேர்வில் மனப்பாடம் செய்து எழுதுவதற்கு அதிகம் இல்லை. ஒரு சூழ்நிலையைக் கொடுப்பார்கள். நீங்கள் ஒரு திட்டத்தின் மேலாளர். குழுவில் இரண்டு பேருக்குச் சண்டை. அல்லது, பொருள் அனுப்ப வேண்டியவர் கைவிரித்துவிட்டார். அல்லது, வாடிக்கையாளர் புதிதாக ஒன்றைக் கேட்கிறார். முதலில் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடை இருக்கும். நான்குமே சரி போலத் தெரியும்.

தோற்ற பிறகு வந்த தாளில், ஆட்களை நடத்தும் பகுதியில் என் நிலை எதிர்பார்ப்புக்குக் கீழே என்று போட்டிருந்தது. பயிற்சிப் புத்தகத்தை மறுபடி பிரித்து, தவறான விடைகளை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருந்தேன். எந்தச் சிக்கல் வந்தாலும் 'மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். புத்தகமோ அதை ஏறக்குறைய எப்போதும் தவறு என்றது.

அந்தச் சமயத்தில்தான் என் நங்கை போன் செய்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். பெயர் தனலட்சுமி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அண்ணன் மாரடைப்பில் போய் ஐந்து வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போனது ஒரு ரிக் வண்டி. ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தை ஏற்றிய பெரிய லாரி அது. திருச்செங்கோட்டில் வீதிக்கு நாலு பேர் ரிக் வைத்திருப்பார்கள். வண்டிகள் வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். நங்கையின் வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஓடுகிறது. அதையும், துளைக்குள் இறக்கும் இரும்பு ராடுகளை ஏற்றிக்கொண்டு கூடவே போகும் லாரியையும், ஒன்பது ஆட்களையும் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு போனில் நடத்துகிறார்.

"பெயிலாயிட்டேன் நங்கையா" என்றேன்.

"அப்படி என்ன சாமி கேக்கறாங்க? ஒண்ணு படி பாக்கலாம்."

சும்மா ஆறுதலுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வியைத் தமிழில் சொன்னேன். விடைகளையும் சொன்னேன்.

"இதிலென்ன இருக்குது? ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டு என்னன்னு கேக்கோணும்" என்றார். அதுதான் சரி. அடுத்ததையும் சரியாகச் சொன்னார். அதற்கடுத்ததையும்.

"நான் மேலதிகாரிகிட்ட சொல்றதுன்னு போட்டேன்" என்றேன்.

நங்கை சிரித்தார். "எனக்கு மேல யாரு சாமி இருக்கா, சொல்றதுக்கு?"

4

அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு வகுப்பு. நான் வேலை முடிந்து வந்து ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். அங்கே மூன்றரை. வண்டியில் மதியச் சமையல் முடிந்து ஆட்கள் சற்று ஓய்ந்திருக்கும் நேரம்.

இனியா முதலில் தண்ணீர் எடுக்க வந்தவள். நான் தமிழில் தடுமாறித் தடுமாறிக் கேள்வியைப் பெயர்ப்பதைப் பார்த்துவிட்டு, "நான் படிக்கிறேன், குடு" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அவள் தமிழ் என்னுடையதைவிட மோசம். ஆனால் கூச்சம் கிடையாது. ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வரும். திட்டத்தால் நல்லதோ கெட்டதோ அடையக்கூடிய எல்லோரையும் குறிக்கும் சொல். ஸ்டேக் என்றால் குச்சி என்று இனியா அதைப் பிரித்துப் பார்த்து, "அத்தை, இது குச்சி புடிச்சிட்டு நிக்கிறவங்க" என்றாள்.

நங்கைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "ஆமா கண்ணு. போர் போடற எடத்துல அப்படி நாலு பேரு நிப்பாங்க. தண்ணி பாக்கறவரு குச்சியப் புடிச்சுக்கிட்டு இங்க போடுன்னுவாரு. பங்காளி வேற குச்சிய நட்டு அங்க போடுன்னுவாரு. அவியள எல்லாம் மொதல்லயே கூப்பிட்டுப் பேசிப்போடோணும். பாதிக் கொழாய் எறங்குனதுக்கு அப்பறம் வந்து சண்டை போட்டா யாரு பாக்கறது?"

நான் விடையைத் திருப்பிப் பார்த்தேன். 'சம்பந்தப்பட்டவர்களைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.' எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தச் சொல்லுக்குக் குச்சிக்காரர் என்றுதான் பெயர்.

இன்னொரு நாள், குழுவுக்குத் தேவையானதைச் செய்துகொடுத்து, தடைகளை விலக்கிவிடுகிறவர்தான் நல்ல தலைவர் என்று ஒரு பாடம். அதற்குப் புத்தகம் வைத்திருந்த சர்வன்ட் லீடர் என்ற பெயரை இனியா சொல்லுக்குச் சொல் மாற்றி, "அத்தை, நீங்க ஒரு வேலைக்காரத் தலைவி" என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பக்கென்றது. நங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தலைவியெல்லாம் ஆரு கண்டா. வேலைக்காரிங்கறது நெசம்."

எல்லாம் சரியாகச் சொன்னார் என்றில்லை. பொருள் கொடுப்பவர் பண்டிகைக்குப் பரிசு கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, வாங்கி ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பேன் என்றார். மரியாதையாக மறுக்க வேண்டும் என்கிறது புத்தகம். "தீவாளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ வேண்டாம்னு திருப்பிக் குடுத்தா அந்த மனுசன் மூஞ்சி என்னாகும்? உன்ற புக்கு எழுதுனவன் ஊட்டுல தீவாளியே இல்லையாட்டம்" என்றார். கடைசிவரை அதில் அவர் இறங்கி வரவில்லை.

ஒருநாள் கேட்டேன், "ஆரம்பத்திலிருந்தே உங்களுக்கு இப்படித்தான் தோணுமா?"

"எங்கிருந்து? மொத வருசம் எது நடந்தாலும் உங்கண்ணன் கூட்டாளிகளுக்குப் போனப் போடுவேன். ஒருத்தரு இப்படிப் பண்ணும்பாரு, இன்னொருத்தரு அப்படிப் பண்ணும்பாரு. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள அங்க வண்டி ஒரு நாள் சும்மா நின்னுக்கிட்டிருக்கும். அப்பறம்தான் தெரிஞ்சுது, அங்க நிக்கறவனக் கேக்காம இங்க இருக்கறவியளக் கேட்டுக்கிட்டிருக்கறேன்னு."

5

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்றைக்கும் நாங்கள் மூவரும் வீடியோவில் இருந்தோம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று எரிந்து விழுகிறார், அவசரப்படுகிறார், முதலில் என்ன செய்ய வேண்டும் என்று இனியா படித்துக்கொண்டிருந்தாள். நங்கையின் இன்னொரு போன் அடித்தது. எங்களை அப்படியே மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

இரைச்சல். இயந்திரச் சத்தத்துக்கு மேல் வண்டி மேனேஜர் குமார் கத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியவில்லை.

"குமாரு, மொதல்ல எஞ்சின நிறுத்து. நான் லைன்லயே இருக்கறேன்" என்றார் நங்கை.

சத்தம் அடங்கியது.

"எல்லாரையும் வண்டிய உட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு. தலைய எண்ணிச் சொல்லு."

"ஒம்பது பேரும் இருக்கறமுங்க்கா."

"செரி. இப்பச் சொல்லு."

நானூறு அடியில் மண் சரிந்து, உள்ளே இறக்கிய இரும்பு ராடு மாட்டிக்கொண்டது. ஒரே மூச்சாக இழுத்துவிடலாம் என்று டிரில்லர் செந்தில் பிடிவாதம் பிடிக்கிறார். குமார் வேண்டாம் என்கிறார். நிலத்துக்காரர் இரண்டு பேரையும் திட்டுகிறார். "செந்திலு கைய ஓங்கீட்டு வாரானுங்க்கா" என்றார் குமார்.

"போன அவன்கிட்டக் குடுத்துட்டு நீ சித்த அக்கட்டால போய் நில்லு."

மறுமுனையில் மூச்சிரைப்பு கேட்டது.

"செந்திலு, சொல்லு சாமி."

"இழுத்தா வந்துருமுங்க்கா."

"வந்தாலும் வரும். இல்லாட்டி மேல இருக்கற கம்பம் முறிஞ்சு ஆள் மேல உழுகும். அது என்னையவிட உனக்கு நல்லாத் தெரியும். இத்தன வருசத்துல நீ இப்படி இழுத்ததில்ல. இன்னைக்கு என்ன அவசரம்?"

பதில் இல்லை. நங்கையும் பேசவில்லை. நானாக இருந்தால் அந்த மௌனத்தில் நாலு அறிவுரை சொல்லியிருப்பேன். அவர் காத்திருந்தார்.

"ஊட்டுக்காரிக்கு வலி எடுத்து ஆசுபத்திரில சேத்தீருக்குதுங்க்கா. காலைல இருந்து யாரும் போனு எடுக்க மாட்டீங்கறாங்க. இந்தப் போர முடிச்சாத்தான் ஊருக்கு உடுவீங்கன்னு..."

"அப்படி ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க்கா. நானா நெனச்சுக்கிட்டனுங்க."

நங்கை கண்ணை மூடித் திறந்தார். "தப்பு என்மேலதான். வண்டி கெளம்பறப்பவே ஊட்டுல எப்படி இருக்குதுன்னு நான் கேட்டிருக்கோணும். எந்த ஆசுபத்திரி? மல்லசமுத்திரமா? நான் இப்பப் போயி உன்கூடப் பேச வெக்கறேன். வண்டி இன்னைக்கு நிக்கட்டும். அந்த நிலத்துக்காரருகிட்டப் போனக் குடு."

பன்னிரண்டாம் வகுப்புவரை இந்தி வாசனையே அறியாத என் நங்கை பேசிய இந்தியை அன்றுதான் கேட்டேன். ஐந்து வருடமாகப் போனிலேயே கற்றுக்கொண்டது. இலக்கணம் இருந்ததா தெரியாது, பதற்றம் இல்லை. "பாய் சாப், பஹலே ஆத்மி. பாத் மே பானி." முதலில் ஆள், அப்புறம் தண்ணீர். அந்தப் பக்கம் இருந்த குரல் மெல்ல இறங்கி, கடைசியில் "டீக் ஹை", சரி என்றது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தவருக்கு அப்போதுதான் எங்கள் ஞாபகம் வந்தது. "போயிட்டு வாரேன் சாமி. உன்ற கேள்விய அப்பறம் பாத்துக்கலாம்."

திரை இருண்டது. இனியா மடியில் இருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். "அம்மா, ஆன்சர் பி. அவர்கிட்டயே தனியா என்னன்னு கேக்கணும்" என்றாள்.

செந்திலுக்குப் பெண் குழந்தை. மாமியார் போனில் சார்ஜ் இல்லாததுதான் அத்தனைக்கும் காரணம். நங்கை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று வீடியோவில் குழந்தையைக் காட்டினாராம். மறுநாள் காலை, எண்பது கிலோமீட்டர் தள்ளி வேலை செய்துகொண்டிருந்த இன்னொரு திருச்செங்கோட்டு வண்டிக்காரரிடம் பெரிய கம்ப்ரசர் கேட்டார். தொழிலில் அவர் நங்கைக்குப் போட்டியாளர். ஆனாலும் அனுப்பினார். காற்றடித்து மண்ணை இளக்கி, மதியத்துக்குள் ராடு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். செந்தில் அன்று சாயங்காலமே ரயில் ஏறினார்.

6

இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் காரியம் முடிந்த மறுநாள், ஊருக்கு வந்திருந்த நான் பெர்த் திரும்ப வேண்டியிருந்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து ரிக்கை யாருக்கு விற்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நங்கை ஒரு மூலையில் தலைகுனிந்து இருந்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், படித்தவள், வெளிநாட்டில் இருப்பவள் என்று. "வித்துருங்க நங்கையா. பொம்பளைங்க கட்டி மேய்க்கற தொழிலில்ல இது" என்று நான் சொன்னேன். கட்டுமான வேலைகளுக்குப் பெண்கள் அதிகம் வர வேண்டும் என்று பெர்த்தில் கூட்டம் போட்டுப் பேசுகிற அதே வாயால் சொன்னேன். யாரையும் கேட்காமல் அடுத்த வாரம் அவர் வண்டியை அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைப் பற்றி அவரும் ஒரு சொல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது, கேள்விகளைப் படிக்கையில் எனக்கு மேலே யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். எஞ்சினை நிறுத்து. தலையை எண்ணு. அங்கே நிற்பவனைக் கேள். அதற்கு ஒத்துப்போகிற விடையைத் தேர்ந்தெடுத்தேன். பண்டிகைப் பரிசு பற்றியும் ஒரு கேள்வி வந்தது. நங்கையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மரியாதையாக மறுத்தேன்.

தேறிவிட்டேன். மேலாளர் வேலையும் கிடைத்தது. வடக்கே போக வேண்டியதில்லை.

7

ஆயுத பூஜைக்கு ரிக்குகள் ஊர் திரும்பும். அந்த விடுமுறைக்கு நானும் இனியாவும் திருச்செங்கோடு போனோம். வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு வீட்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் காலை அது மறுபடி வடக்கே கிளம்ப வேண்டும்.

முன்னறையில் நானும் நங்கையும் தனியாக இருந்தபோது சொன்னேன். "அன்னைக்கு விக்கச் சொன்னது தப்புங்க நங்கையா."

அவர் மாலையில் மீந்த பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீ சொன்னது வலிச்சுது. இல்லைன்னு சொல்லல. மத்தவிய சொன்னப்ப வலிக்கல, நீ சொன்னது வலிச்சுது." பூவில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "ஆனா அன்னைக்கு எனக்கே தெரியாதே சாமி, என்னால முடியும்னு. உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. தொடுத்த பூவில் ஒரு முழத்தைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

காலையில் ஆட்கள் வண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். அந்த ராடு விஷயத்துக்குப் பிறகு நங்கை புது வழக்கம் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் வீட்டு நிலவரம் கேட்பது. யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு எந்த மாதம் பிரசவம், எந்தத் தேதியில் ஊரில் இருந்தே ஆக வேண்டும், அவசரத்துக்கு எந்த நம்பர். என்னிடம் நோட்டைக் கொடுத்து, "நீ எழுது, உன்ற கையெழுத்து நல்லாருக்கும்" என்றார். ஒன்பது பேரும் சொல்லச் சொல்ல எழுதினேன். செந்தில் தன் மகளின் முதல் பிறந்தநாளைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

நோட்டை மூடப் போனேன். நங்கை தடுத்தார்.

"கடைசில உன்ற நம்பரயும் போடு."

"என் நம்பர் எதுக்குங்க?"

"எனக்கு ஒண்ணுன்னா இவியளுக்குக் கூப்பிட ஒருத்தரு வேணுமல்ல? வண்டியப் பத்திப் பேச இனி உனக்குத் தெரியும்."

நாட்டு எண்ணோடு சேர்த்து எழுதினேன். குமார் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு, கடைசி வரியைக் காட்டி, "இதென்னுங்க்கா, இந்த நம்பரு மட்டும் வேற மாதிரி இருக்குது?" என்று கேட்டார்.

"அது ரொம்பத் தொலைவு" என்றார் நங்கை. "ஆனா எடுப்பாங்க."